உள்வளியும் அசையும்

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியலை முடிக்குமிடத்துத் தம் நூலுக்கு ஓர் எல்லை வகுத்துக் கொள்கிறார். உடலினுள்ளே எழுந்து இயங்கும் வளியின் இசையை அளவோடு ஆராய்ந்து கொள்ளுதல் அந்தணர் மறைக்கு உரியது. அதனை ஈண்டுக் கூறாது, வெளிப்போந்து செவிக்குப் புலனாகும் வளியின் அளவையே கூறினேன் என்பது அவர் கருத்து. எனினும், அவ்வியலின் தொடக்கத்தில், உந்தியிலிருந்து புறப்படும் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்றுப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பொருந்தி எழுத்தாகும் என்று அவர் கூறவும் செய்கிறார். ஆகவே உள்வளியை அவர் அறவே விலக்கினாரல்லர். தோற்றுவாயளவில் நிறுத்திக்கொண்டார் எனல் வேண்டும்.

அவர் கூறாது நிறுத்திய அப்பகுதியை இருபதாம் நூற்றாண்டின் உடலியலறிஞரும் ஒலியியலறிஞரும் கருவிகளின் துணைகொண்டு அளந்தனர். அவர்தம் ஆராய்ச்சியில் எழுந்த வழக்கொன்று தமிழ் யாப்பும் எழுத்திலக்கணமும் பயில்வார்க்கு நேராகவே தொடர்புடையது. நாம் பேசும்போது அசைதோறும் நெஞ்சு ஒருமுறை காற்றை உந்துகின்றதா, அன்றி நெஞ்சு ஒரு சீராகக் காற்றை வழங்கிக்கொண்டிருக்க, அசையாகப் பகுக்கும் தொழில் குரல்வளையிலும் வாயிலுமே நிகழ்கின்றதா என்பதே அவ்வழக்கு. முன்னது மெய்யாயின் அசை என்பது உடலிலேயே அமைந்த ஓர் அலகு ஆகிவிடும். பின்னது மெய்யாயின் அசையைச் செவியும் காலமும் பற்றியே வரையறுத்தல் வேண்டும். இக்கட்டுரை அவ்வழக்கையும், அதனை விளங்கிக்கொள்ளுதற்கு இன்றியமையாத மூச்சியக்கத்தையும் ஆராய்கின்றது.

மூச்சுறுப்புகளின் அமைப்பை மிகச் சுருக்கமாக நோக்குவோம். நுரையீரலுக்குத் தானே விரியும் ஆற்றல் இல்லை. அது விலாக்கூட்டின் உட்சுவரோடு ஒட்டி நிற்பதால், கூடு விரியும்போது தானும் விரிகின்றது. கூட்டின் அடித்தளமாகக் குவிந்து நிற்பது உதரவிதானம். அது சுருங்கும்போது தாழ்ந்து வயிற்றுறுப்புகளை அழுத்துகின்றது. அதனால் வயிறு முன்தள்ளுகின்றது. பன்னிரு இணை விலா எலும்புகளின் இடைவெளிகளில் புறத்தே ஓர் அடுக்கும் அகத்தே ஓர் அடுக்குமாகத் தசைகள் உள்ளன. புறவிலாவிடைத் தசைகள் விலாக்களை உயர்த்திக் காற்றை உள்ளிழுக்கவும், அகவிலாவிடைத் தசைகள் மார்பெலும்பை அடுத்த பகுதி ஒழிய, விலாக்களைத் தாழ்த்திக் காற்றை வெளியேற்றவும் துணைசெய்கின்றன. இவ்விரண்டனுள் எது எத்தொழிலுக்கு உரியது என்பது பற்றி ஹாம்பர்கர் வெளியிட்ட கருத்து அவருக்கும் ஹாலருக்கும் இடையே பெரும் பூசலை விளைத்தது என்பது உடலியல் வரலாறு. வயிற்றுச் சுவரின் தசைகள் சுருங்கினால் வயிற்றுறுப்புகள் உள்ளே தள்ளப்பட்டு உதரவிதானம் மேலே எழும். அதனால் காற்று வெளியேறும். இவ்வளவும் நினைவிலிருத்தினால் போதும்.

வாளா இருக்கும்போது ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 12 முதல் 18 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் அளவு காற்று உட்சென்று மீளும். ஒரு மூச்சின் காலத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு உள்ளிழுத்தற்கும் 60 விழுக்காடு வெளிவிடுதற்கும் செல்லும். பேசத் தொடங்கியவுடன் இவ்விகிதம் மாறிவிடுகின்றது. உள்ளிழுத்தல் பத்தில் ஒரு பங்காகக் குறுகுகின்றது. எஞ்சிய ஒன்பது பங்கும் வெளிவிடுதற்கே ஆகின்றது. சொற்பொழிவாளர் ஒருவர் மேடையில் நின்று பேசுங்கால் அவர் மூச்சு வாங்குவதை அவையோர் அறிவதே இல்லை. அவ்வளவு விரைவில் அச்செயல் முடிந்துவிடுகின்றது. இவ்விரைவு எங்ஙனம் இயல்கின்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனி, பேச்சுக்கு வேண்டிய அழுத்தம் எவ்வளவு என்பது முதற்கண் அறியத்தக்கது. குரல் நாண்கள் அதிர்வதற்கு அவற்றின் கீழே காற்றழுத்தம் வேண்டும். இயல்பான உரையாடலுக்கு அவ்வழுத்தம் 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரமுள்ள நீரைத் தாங்கும் அளவினது. இதனை உணர்தற்குப் பெருங்கருவி வேண்டா. கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி, உறிஞ்சுகுழல் ஒன்றை 5 சென்டிமீட்டர் ஆழம் அமிழ்த்தி, குமிழிகள் இடையறாது எழுமாறு ஐந்து நொடி ஊதுக. அவ்வாறு ஊத வல்லவர்க்கு உரையாடலுக்கு வேண்டிய அழுத்தம் உண்டு என்று மருத்துவர் கொள்வர். இது சிறிய அழுத்தமே. உரக்கக் கூவுதற்கு இதனைப் போல் இரு மடங்கும் மும்மடங்கும் வேண்டும்.

அழுத்தம் சிறிதாயினும் அதனைச் சீராகக் காத்தல் எளிதன்று. ஏனெனில் நெஞ்சு மீள்விசை உடையது. கொல்லன் துருத்தியை மூச்சுக்கு உவமை கூறுதல் பண்டுதொட்டு வழக்கம். ஆயின் துருத்தி, அழுத்துவார் கைவிட்டால் வாளா கிடக்கும். நெஞ்சோ அங்ஙனம் கிடப்பதன்று. நிறைய மூச்சிழுத்து எல்லாத் தசைகளையும் தளர்த்திவிட்டால், விரிந்த நுரையீரலும் கூடும் தாமே சுருங்க முற்பட்டு, 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்கும் மேற்பட்ட அழுத்தத்தை உண்டாக்கும். இயல்பாக மூச்சு விட்டு முடிந்த நிலையில் அவ்வழுத்தம் இல்லையாகும். அதற்கும் கீழே காற்றை வெளியேற்றினால் கூடு திரும்ப விரிய முயலும். அஃதாவது காற்றை உள்ளிழுக்கும் விசையாக மாறும். 1946-இல் ரான், ஓட்டிஸ், சாட்விக், ஃபென் என்னும் நால்வர் வெளியிட்ட அளவைப் படம் இவ்வுறவைத் தெளிவுறக் காட்டிற்று.

இதனால் விளைவது யாது? நிறைந்த மூச்சோடு ஒருவர் ஒரு நீண்ட தொடரைத் தொடங்குகிறார் என்று கொள்வோம். அவருக்கு வேண்டுவது 7 சென்டிமீட்டர் அழுத்தம். நெஞ்சு தானே தருவதோ 30-க்கும் மேல். அவ்வளவும் குரல் நாண்களைத் தாக்கினால் பேச்சுக் கூச்சலாகும். மூச்சும் விரைவில் தீர்ந்துவிடும். எனவே உள்ளிழுக்கும் தசைகள் தம் பிடியை உடனே விடாது, மேட்டிலிருந்து இறங்கும் வண்டியைப் பின்னிருந்து இழுத்துப் பிடிப்பார் போலச் சிறிது சிறிதாகத் தளர்த்திக் கொடுத்தல் வேண்டும். காற்றளவு குறையக் குறைய மீள்விசையும் குறையும். ஓரிடத்தில் மீள்விசை மட்டுமே வேண்டிய 7 சென்டிமீட்டரைத் தந்து நிற்கும். அதன்பின் அது போதாது. வெளியேற்றும் தசைகள் தொழிற்படுதல் வேண்டும். தொடர் மேலும் நீளின் அத்தசைகளின் முயற்சி மிகுந்துகொண்டே செல்லும். நாம் உணராது இயற்றும் ஓர் எளிய வாக்கியத்தினுள் இத்தனை ஏற்றவிறக்கங்கள் உள்ளன. செவிக்குக் கேட்பதோ ஒரே சீரான குரல்.

இதனை அறியும் முன்னரே தோன்றிய கொள்கை ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டு ஓபர்லின் கல்லூரியில் உளவியற் பேராசிரியராயிருந்த ஸ்டெட்சன் என்பார், 1928-இல் வெளியிட்ட நூலில், ஒவ்வோர் அசையும் ஒரு நெஞ்சுத் துடிப்பு என்றார். அகவிலாவிடைத் தசைகள் சட்டென ஒருமுறை சுருங்கிக் காற்றை உந்துவதே அசையின் தொடக்கம். அத்துடிப்பு மெய்யெழுத்தின் அடைப்பாலேனும் எதிர்த்தசைகளின் செயலாலேனும் தடுத்து நிறுத்தப்படுவதே அசையின் முடிவு. வயிற்றுத் தசைகளின் பேரியக்கம் இத்தகைய துடிப்புகள் பலவற்றை ஒரு தொகுதியாகத் தாங்குகின்றது என்பது அவர் கொள்கை. அந்நூல் திருந்திய பதிப்பாக 1951-இல் மீண்டும் வெளிவந்து, ஒலியியல் பயில்வாரிடையே பரவிற்று. எடின்பரோவில் பேராசிரியராயிருந்த ஆபர்கிராம்பி இதனை அடிப்படையாகக் கொண்டு, நெஞ்சுத் துடிப்புகள் சம காலத்தில் நிகழும் மொழிகள் என்றும், அழுத்தத் துடிப்புகள் சம காலத்தில் நிகழும் மொழிகள் என்றும் உலக மொழிகளை இரு கூறாக்கினார். 1967-இல் வெளிவந்த அவர் நூலில் முதற்கூற்றுக்குக் காட்டிய மொழிகளுள் நம் இனமொழியாகிய தெலுங்கும் ஒன்று.

இக்கொள்கை தமிழ் மாணவர்க்கு எத்துணைக் கவர்ச்சியுடையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. எழுத்து அசையாகவும், அசை சீராகவும், சீர் அடியாகவும் அடுக்கப்படும் யாப்பு நம்முடையது. ஒற்றடுத்து முடியும் நேரசையையும், அடைப்பால் நிறுத்தப்படும் துடிப்பையும் அருகருகே வைத்து நோக்கின், ஸ்டெட்சன் கூறியதை நம் முன்னோர் என்றோ கண்டனர் என்று எழுதக் கை விரையும். இந்நூலாசிரியனும் மாணவப் பருவத்தில் ஒரு கட்டுரையில் அவ்வாறே எழுதிவிட்டுப் பின்னர் அடித்தவன்தான். அடித்ததற்குக் காரணம் எடின்பரோவிலேயே நிகழ்ந்த ஆராய்ச்சி.

அப்பல்கலைக்கழகத்தின் ஒலியியல் துறையில் விரிவுரையாளராயிருந்த லேடிஃபோகெட், உடலியல் துறையைச் சார்ந்த டிரேப்பர், விட்டெரிட்ஜ் ஆகிய இருவரோடும் கூடி, 1950-களின் பிற்பாதியில் ஸ்டெட்சன் கொள்கையை நேரே சோதித்தார். 1958 முதல் 1960 வரை அவர்தம் கட்டுரைகள் வெளிவந்தன. தசை சுருங்கும்போது அதில் எழும் நுண்ணிய மின்னோட்டத்தை ஊசிபோன்ற மின்வாய்களால் விலாவிடைகளிலிருந்தும் வயிற்றுச் சுவரிலிருந்தும் பதிவு செய்தனர். உணவுக்குழலினுள் சிறு பலூன் ஒன்றை இறக்கி, அதன்வழி நெஞ்சினுள் நிலவும் அழுத்தத்தைக் கணித்தனர். உள்ளே செல்லும் காற்றின் அளவையும் உடனுக்குடன் குறித்தனர். பேசுவோர் இத்தனையையும் தாங்கிக்கொண்டு, ஆழ மூச்சிழுத்து, எண்களை ஒன்றிலிருந்து ஒரே மூச்சில் எண்ணிக்கொண்டே செல்லுதல் வேண்டும்.

பதிவுகளில் கண்டவை இரண்டு. முதலாவது, முன்னர்க் கூறிய பிடித்தலும் விடுத்தலும் ஆகும். எண்ணத் தொடங்கும்போது உதரவிதானம் ஓய்ந்துவிட, புறவிலாவிடைத் தசைகள் தொழிற்பட்டுக்கொண்டே இருந்தன. அஃதாவது உள்ளிழுக்கும் தசை, பேச்சின் தொடக்கத்தில் காற்றைப் பிடித்து நிறுத்தும் தசையாயிற்று. பின்னர் அவை அடங்க, அகவிலாவிடைத் தசைகள் மேலெழுந்தன. மூச்சு மேலும் குறைந்தபோது வயிற்றின் புறச்சாய்தசையும் நேர்தசையும் வந்து சேர்ந்தன. இறுதியில் முதுகின் அகன்ற தசையும் உதவிற்று.

இரண்டாவதே நம் வழக்குக்கு உரியது. அசைக்கு ஒரு துடிப்பு என்னும் முறை பதிவுகளில் இல்லை. ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் அசைகளுக்குச் சற்று முன்னர் அகவிலாவிடைத் தசைகளின் முயற்சி மிகுந்தது உண்மை. ஆயின் எல்லா அசைக்கும் அங்ஙனம் இல்லை. ‘பிட்டி’ என்று ஒலிக்கும் ஆங்கிலச் சொல்லில் இரண்டு அசைகளுக்கும் சேர்த்து ஒரே எழுச்சி காணப்பட்டது. ‘ஸ்போர்ட்’ என்னும் ஓரசைச் சொல்லில் இரண்டு எழுச்சிகள் தோன்றின. எண்ணிக்கை ஒவ்வாத இடத்தில் கொள்கை நிலைக்காது.

முன்னைய சொல்லைக் கண்ட தமிழர்க்கு உடனே நிரையசை நினைவுக்கு வரும். இரண்டு உயிர் கொண்டது ஓர் அலகாய் நிற்பதற்கு ஈதன்றோ சான்று என்று தோன்றும். ஆங்கிலேயர் சிலர் விலாவில் கண்ட ஒன்றைப் புலி, மலர் என்பவற்றுக்கு ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. அவர்தம் மொழியில் சொல்லழுத்தம் பொருள் வேறுபடுத்தும் ஆற்றலுடையது. தமிழில் அது அத்தகையதன்று. அவ்வழுத்தத்தோடு பிணைந்த தசையெழுச்சியை நம் யாப்புக்கு அடிப்படையாக்குதல், அடித்த கட்டுரையை மீண்டும் எழுதுவதாகவே முடியும்.

எடின்பரோ ஆராய்ச்சியும் குற்றம் நீங்கியதன்று. உணவுக்குழலில் அளக்கும் அழுத்தம் நுரையீரலின் காற்றளவுக்கேற்ப மாறுவது. அதனைத் திருத்தாது கொண்டமையால் எந்தத் தசை எந்த நேரத்தில் தொடங்குகின்றது என்னும் கணிப்புப் பிழைபட்டது என்று பின்வந்தோர் காட்டினர். அதனினும் முதன்மையான திருத்தம் வயிற்றைப் பற்றியது. ஹிக்சன், கோல்ட்மன், மீட் ஆகிய மூவர் 1973-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மார்பின் முன்னும் பின்னும், வயிற்றின் முன்னும் பின்னும் காந்தச் சுருள்களைப் பொருத்தி, பேசும்போது இரண்டும் எவ்வாறு பருத்துச் சிறுக்கின்றன என்று அளந்தனர். நிமிர்ந்திருந்து பேசுவோரிடம் வயிறு தன் தளர்நிலை அளவினும் உள்ளடங்கியும், மார்பு தன் தளர்நிலை அளவினும் விரிந்தும் நின்றன. 1976-இல் அவர்கள் தசைவிசைகளையும் கணக்கிட்டனர். வயிற்றுத் தசைகள் மூச்சு தீரும் காலத்து வந்து சேரும் துணைவரல்லர். தொடக்கம் முதல் முடிவு வரை தொழிற்படுபவர் என்பது அவர்தம் முடிபு.

இதன் பயனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வயிற்றுச் சுவர் இறுகி நிற்காவிடில், விலாக்கள் தாழ்ந்து காற்றை அழுத்தும்போது அவ்வழுத்தம் உதரவிதானத்தைக் கீழே தள்ளி வயிற்றை முன்னே பிதுக்கும். குரல்வளைக்கு வரவேண்டிய முயற்சியில் ஒரு பகுதி வீணாகும். இறுகி நின்றாலோ விலாவின் ஒவ்வோர் அசைவும் உடனே அழுத்தமாக மாறும். மற்றொன்றும் உண்டு. உள்ளடங்கிய வயிறு உதரவிதானத்தை மேலே உயர்த்தி அதன் நார்களை நீட்டி வைக்கின்றது. நீண்ட தசை வலிமையோடும் விரைவோடும் சுருங்கவல்லது. ஆகவே தொடர் முடிந்தவுடன் உதரவிதானம் ஒரு வெட்டில் தாழ்ந்து மூச்சை நிரப்பிவிடுகின்றது. மேடைப் பேச்சாளர் மூச்சு வாங்குவதை அவை அறியாமைக்குக் காரணம் இதுவே. மல்லாந்து படுத்திருப்பவர் பேசும்போது நிலத்தின் ஈர்ப்பே வயிற்றை உள்ளழுத்துவதால் வயிற்றுத் தசைகளுக்கு அத்துணைத் தொழில் இல்லை.

கழுத்தின் கீழ்ப்பகுதியில் தண்டுவடம் சிதைந்தோர் இதற்குத் துயரந்தரும் சான்றாவர். உதரவிதானத்தின் நரம்பு கழுத்தின் 3, 4, 5 ஆகிய நரம்புகளிலிருந்து வருவதால் அவர்க்கு அஃது எஞ்சி நிற்கும்; விலாவிடைத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் செயலிழக்கும். அவர்கள் பேச்சுத் தாழ்ந்த குரலினதாய், குறுகிய தொடர்களாய், மூச்சு வாங்கும் இடைவெளி நீண்டதாய் அமைகின்றது. வயிற்றைச் சுற்றி ஒரு பட்டியை இறுகக் கட்டியவுடன் பலர்க்கு ஒரு மூச்சில் கூறும் சொற்கள் மிகுகின்றன. செயலிழந்த சுவருக்குப் பட்டி சுவராகின்றது. நம் வழக்குக்கு வேண்டிய செய்தி இதனுள்ளேயே இருக்கின்றது. அவர்கள் விலா துடிப்பதில்லை. ஆயினும் அவர்கள் சொற்கள் அசையசையாகவே வெளிவருகின்றன. ‘அம்மா’ என்பது அவர் வாயிலும் இரண்டசைதான். ஸ்டெட்சன் கொள்கைக்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டுவதில்லை.

ஆபர்கிராம்பியின் இருகூற்றுப் பாகுபாடும் இதனோடு ஆட்டங் கண்டது. அவர் காட்டிய ஆறு மொழிகளையே எடுத்துக்கொண்டு ரோச் என்பார் 1982-இல் கால அளவுகளைச் சோதித்தபோது, தெலுங்கு உட்பட எவையும் அப்பாகுபாட்டுக்கு இயைந்து நிற்கவில்லை.

இனி நம் இலக்கணங்களுக்கு மீள்வோம். அசை நெஞ்சில் பிறப்பதன்று என்றால் நம் யாப்புக்கு இழப்பு யாதும் இல்லை. நம் நூலோர் அசையை மூச்சைக் கொண்டு வரையறுத்திலர். குறில் நெடில் என்னும் மாத்திரையையும் ஒற்றையும் கொண்டே வரையறுத்தனர். மாத்திரைக்கு அவர் கூறிய அளவைகள் கண்ணிமையும் கைந்நொடியுமாம், மூச்சளவு அன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் நேர்பசையை நோக்குக. ‘வண்டு’ என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் அரை மாத்திரையளவில் ஒலித்து, முன்னின்ற அசையோடு ஒன்றி நிற்கின்றது. நெஞ்சுத் துடிப்பைக் கொண்டு அசையெண்ணப் புகுவார் இங்கு ஒன்றென்பதா இரண்டென்பதா என்று இடர்ப்படுவர். காலத்தைக் கொண்டு அளந்த தொல்காப்பியர்க்கு அவ்விடர்ப்பாடு இல்லை. அன்றியும், இக்காலத்து ஒலியியல் நூல்களில் அசை என்னும் சொல் உயிரொன்றை உயிராகக் கொண்ட ஒலித்தொகுதியைக் குறிக்கின்றது. யாப்பசையோ நிரையில் இரண்டு உயிரைக் கொள்ளும். ஒரே சொல் இரு பொருளில் வழங்குதலே குழப்பத்துக்குப் பாதி காரணம். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவோர் ஒலியசை, யாப்பசை எனப் பிரித்து வழங்குதல் நலம்.

பவணந்தியார் கூற்று ஒன்று தனியே நோக்கற்பாலது. உயிருக்கும் இடையினத்துக்கும் இடம் மிடறு, மெல்லினத்துக்கு மூக்கு, வல்லினத்துக்கு நெஞ்சு என்கிறது நன்னூல். வல்லினம் அண்ணத்திலும் பல்லிலும் இதழிலும் அடைபட்டுப் பிறப்பதாயிருக்க, நெஞ்சை இடமாகக் கூறுவது ஏன் என்று மாணவர் வினவுவர். உயிரை ஒலிக்கும்போது நெஞ்சின் அழுத்தம் பெரும்பாலும் குரல் நாண்களின் இடைவெளியிலேயே செலவாகிவிடுகின்றது. ‘பாப்பா’ என்பதன் இடையில் இதழ்கள் மூடி நிற்கும் கணத்தில் குரல் நாண்கள் விலகியிருக்கின்றன. அதனால் நெஞ்சின் அழுத்தம் குறைவுபடாது இதழ்களின் பின்வரை வந்து நிற்கின்றது. இவ்வுண்மை பற்றியே, இன்று குரல்வளைக்குக் கீழுள்ள அழுத்தத்தை அறிய விரும்புவோர் ஊசி குத்தாது, பகர ஒலியைத் தொடர்ந்து கூறச்செய்து வாயினுள் சிறு குழலை வைத்து அளக்கின்றனர். மெல்லினத்திலோ அழுத்தம் மூக்குவழி கழிந்துவிடும். நெஞ்சின் விசை தடையின்றி வந்து முட்டும் எழுத்து வல்லினம் என்பது இன்றைய அளவை. பவணந்தியார் இதனை அளந்து கூறினார் என்பது மிகை. வன்மையை நெஞ்சில் உணர்ந்து கூறினார் எனலாம். உயிர்களின் இடையே நெகிழ்ந்தொலிக்கும் தனி வல்லினத்துக்கு இவ்விளக்கம் செல்லாது என்பதையும் குறித்தல் வேண்டும்.

உந்தி பற்றிய செய்தியிலும் இவ்வரையறை வேண்டும். காற்று கொப்பூழிலிருந்து எழுவதில்லை, நுரையீரலிலிருந்தே எழுகின்றது. உந்தியை ஒலிக்குத் தோற்றுவாயாகக் கூறுதல் தமிழ் நூலுக்கு மட்டும் உரியதும் அன்று. வடமொழி ஒலிநூன் மரபிலும் உள்ளது. 1973-ஆம் ஆண்டு ஆராய்ச்சியைக் காட்டித் தொல்காப்பியர் வயிற்றுத் தசைகளை அறிந்திருந்தார் என்பது, அவரே வகுத்த எல்லையை நாம் மீறுவதாகும். ஆயின் உரக்க ஓதுவோரும் பாடுவோரும் தம் முயற்சி எவ்விடத்தில் தொடங்குகின்றது என்பதைத் தம் உடலிலேயே அறிவர். ஐயமுடையார் நிமிர்ந்து நின்று, வலக்கையை உந்தியின் மேல் வைத்து, ஒன்று முதல் ஒரே மூச்சில் எண்ணிப் பார்க்க. இருபதைக் கடக்குமுன் கையின் கீழே தசை இறுகுவது தெரியும்.